ரெட்டைக் கிளைடின் முதல் பக்கம்

எமில் ஹவ்ரிலாவின் முழங்கால்கள் இரண்டும் தபால் இலாகாவோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டன. மனுஷனுக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை. முப்பத்தொரு வருஷம் எல்லர்ஸ் ஃபெரியின் மேட்டுத் தெருக்களில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவர் அவர். இந்த ஊரைக் கட்டினவன் எவனோ, சமதரையில் ஒரு வீடும் கட்டக்கூடாது என்று சபதம் போட்டிருக்கிறான். கீழே மொனங்கஹீலா ஆறு, ஆற்றை ஒட்டி மூடிக்கிடக்கிற உருக்காலை, அதற்கு மேலே மலைச்சரிவு முழுக்க வீடுகள். ஒரு வாசலுக்குப் பதினேழு படி, அடுத்த வாசலுக்கு இருபத்திரண்டு. "நான் ஏறின படியை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்தா இந்நேரம் சொர்க்கத்துல உக்காந்திருப்பேன், திரும்பி வந்திருக்கவே மாட்டேன்" என்பார். எழுபத்து நாலு வயசு. எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம்தான் பதில்.

அன்றைக்கு மாசத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காசு சங்கம் கூடுகிற நாள். பழைய அமெரிக்கக் காசு சேர்க்கிறவர்கள் தீயணைப்பு நிலையத்துப் பின்கூடத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கூடி, அந்த மாசம் புதுசாக வாங்கியதைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். எமில்தான் முப்பத்தைந்து வருஷமாகச் செயலாளர். போதும், வேறு யாராவது பாருங்கள் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. கிளைட் ரேமேஜ். ஆலையில் கிரேன் ஓட்டியவர், எமிலுக்கு முப்பத்தேழு வருஷச் சிநேகிதன்.

"எமில், இன்னிக்கு என்ன கொண்டு வரேன் சொல்லு பாப்போம்."

"வேற என்ன, இன்னொரு ரெட்டைதான்."

"புஸ்தகத்தையே கொண்டு வரேன்டா. நேத்து பேங்குல இருந்து எடுத்துட்டு வந்துட்டேன். முதல் பக்கம் நிறைஞ்சுது, இருபதும்."

சரி, ஒன்றரைக்கு வரேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார் எமில். அடுப்பு மேடையில் அவர் மனைவி ரோஸ்மேரி, சங்கத்துக்காகச் சுட்ட அக்ரூட் ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மூஞ்சில ஈயாடல?"

"கிளைட் புஸ்தகத்தைக் கொண்டு வரானாம்."

கத்தி நின்றது. "அந்தப் புஸ்தகமா?"

"அதேதான்."

"இருபத்து மூணு வருஷமா தலையில அடிச்சுக்கறேன், சொல்லித் தொலைன்னு. கேட்டியா நீ? இப்ப நாலு பேருக்கு முன்னாடி திறக்கப் போறான். நல்லா வேணும் உனக்கு." சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், ஓரத்து வில்லை ஒன்றை அவர் தட்டில் வைத்தாள். எமில் அதைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். எழுபத்தொன்பதாம் வருஷம் கிளைட் முதல்முதலாகச் சங்கத்துக்கு வந்தபோது அவரிடம் ஒரு காசும் கிடையாது, வெறும் ஆசை மட்டும்தான். எமில் தன்னிடம் இரண்டாக இருந்த 1916ஆம் வருஷத்து அரை டாலரில் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு ஒரு பெண் சூரியனைப் பார்த்து நடக்கிற வெள்ளிக்காசு. "பிடி, இதுல இருந்து ஆரம்பி" என்றார். கிளைட் ஆரம்பித்தார். ஆலையில் சம்பளம் நன்றாக வந்த காலம், 1916 முதல் 1921 வரைக்கும் மூன்று நாணயச்சாலைகளில் அடித்த அந்த வகை இருபதையும் ஏழே வருஷத்தில் சேர்த்துவிட்டார். அடித்த அன்று இருந்த மாதிரியே பளபளப்புப் போகாத காசுகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார். எண்பத்தாறில் ஆலையை மூடினான். கிளைட் வண்டியை விற்றார், துப்பாக்கியை விற்றார், அந்த இருபதில் ஒன்றைக்கூட விற்கவில்லை.

எண்பத்தெட்டில் எமில் ஒரு காசுச் சந்தைக்குப் போய், கண்ணாடி மாதிரி வழவழவென்று வளைகிற பிளாஸ்டிக் உறைத் தாள்களை நாலு பெட்டி மலிவாக அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு தாளில் இருபது பை. வாங்கின விலைக்கே எல்லாருக்கும் கொடுத்தார். என்ன பெருமை அன்றைக்கு! கிளைடின் இருபதுக்கும் கச்சிதமாக ஒரே பக்கம். தெருவில் திருட்டுப் பயம் இருந்ததால் கிளைட் அந்தப் புத்தகத்தை அப்படியே பேங்க் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

தொண்ணூற்று மூன்றில்தான் தெரிந்தது, அந்த மாதிரி வளைகிற பிளாஸ்டிக் நாள்பட நாள்பட வேர்க்குமாம். அந்த வேர்வை வெள்ளியில் பச்சைப் பிசினாகப் படிந்து அரிக்குமாம். சீக்கிரம் பார்த்து அசிட்டோன் என்கிற திரவத்தில் முக்கினால் பிசின் போய்விடும், காசு பிழைக்கும். விட்டுவிட்டால் குழி விழுந்துவிடும், விழுந்த குழி விழுந்ததுதான். சங்கத் தலைவர் வெண்டெல் கிராஃப் அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட, எல்லாரும் ஓடிப்போய்த் தாளை மாற்றினார்கள். கிளைட் அந்த மாசம் வரவில்லை. அவர் மனைவி ஈடித்துக்கு ஆபரேஷன்.

எமில் ஒரு காரியம் செய்தார். செயலாளர் என்ற முறையில் எச்சரிக்கையை மாதமடலில் அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தபால்காரன் என்ற முறையில் தானே கிளைட் வீட்டுப் பத்தொன்பது படி ஏறிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். போட்டாச்சு, என் வேலை முடிந்தது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் கிளைட் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்கவில்லை என்று எமிலுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி அலைச்சலில் இருக்கிறவனிடம் காசைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்தார். அப்புறம் ஈடித் செத்துப்போனாள். சவ ஊர்வலத்தில் போய்ச் சொல்ல முடியுமா? ஒரு வருஷம் போயிற்று, இரண்டு போயிற்று, இனிமேல் சொன்னால் 'இத்தனை நாள் ஏன்டா சொல்லல' என்று கேட்பானே என்று பயம் வந்தது. பயம் வந்தபின் சொல்வது எங்கே? நல்ல மனுஷன்தான், ஆனால் கோழை.

ஒன்றரைக்கு எமில், கிளைட் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். மார்ச் மாசத்துச் சேற்றுப்பனி தெருவெல்லாம் கொழகொழத்துக் கிடந்தது. கிளைட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கக்கத்தில் பச்சை அட்டைப் புத்தகம். எழுபத்திரண்டு வயசிலும் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்து, வாசலில் கிடக்கிற தள்ளுவண்டிகளை ஓட்டிக்கொண்டு வருகிற வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறார். ஆலை பென்ஷன் வருகிறதே, வீடும் சொந்தம், எதற்கு இந்த இழவு என்று எமில் நூறு தடவை கேட்டிருக்கிறார். "வீட்ல உக்காந்தா துரு பிடிச்சுரும்" என்பார் கிளைட்.

கிளைட் கார் ஓட்டுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கும் காரணம் எமில்தான், ஆனால் அதில் அவருக்குக் குற்ற உணர்ச்சி இல்லை, நல்லது செய்ததாகவே நினைப்பு. பத்துப் பன்னிரண்டு வருஷமாகவே கிளைட் ஒரு விசித்திரமான வேலை செய்துவந்தார். தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற காசையே மறுபடி வாங்கிக் கூட்டத்துக்குக் கொண்டுவருவார். 1918 வாங்குவார், அது இருக்கும். 1920 வாங்குவார், அதுவும் இருக்கும். "ரெட்டைக் கிளைட்" என்று பெயர் வைத்ததே எமில்தான். டென்வர் நாணயச்சாலையில் அடித்த 1919 காசைக் கொண்டுவந்த அன்று எமில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கறதை விட நல்லதா வாங்கறவனைப் பாத்திருக்கேன். இருக்கறதை விட மட்டமா வாங்கறவனை இப்பத்தான்டா பாக்கறேன். எல்லாரும் ஏணியில ஏறுவான், நீ இறங்கறே" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. கிளைடும் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோதுதான் எமிலுக்கு வேறு சந்தேகம் வந்தது: இவனுக்கு ஞாபகம் போகிறதோ? ஈரி நகரத்தில் இருக்கிற கிளைடின் மகள் லோரீனுக்குப் போன் போட்டு, அப்பாவை டாக்டரிடம் காட்டு என்றார். அவள் அலறியடித்துக்கொண்டு வந்து கூட்டிப்போனாள். பரிசோதனை எல்லாம் முடிந்து, எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று கார் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து எமில்தான் சாரதி. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவருக்கு அடிமனசில் ஒரு நப்பாசையும் இருந்தது: ஞாபகம் போனால் அந்தத் தாள் யார் கொடுத்தது என்பதும் சேர்ந்து போகுமே.

வண்டியில் எமில் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். "கிளைட், அந்தப் புஸ்தகம்..."

"ரோட்டைப் பாத்து ஓட்டு. அங்க போய்ப் பேசிக்கலாம்."

அப்பாடா என்று இருந்தது எமிலுக்கு. அப்படி இருந்ததே என்று தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

பின்கூடத்தில் பிங்கோ விளையாடுகிற மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, நடுவில் கறுப்பு வெல்வெட் துணி விரித்திருந்தது. காபிப் பானை கொதித்துக் கசந்துகொண்டிருந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். சங்கத்து வழக்கம் கறாரானது. காசு வலப்பக்கமாகவே சுற்றும். விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், அதன் மேல் மூச்சு விடக்கூடாது. எல்லாரும் லென்ஸ் வைத்துப் பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஆளுக்கொரு சீட்டில் மதிப்பெண் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது முடிகிறவரை காசுக்காரர் வாயைத் திறக்கக்கூடாது. வெண்டெல் மருந்துக்கடை வைத்திருந்தவர், மாத்திரை எண்ணுகிற மாதிரிதான் சட்டத்தையும் எண்ணுவார்.

முதலில் ஜோனெல் டிப்ஸ். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பணம் வாங்குகிறவள், நாற்பது வயசு, கூட்டத்திலேயே சின்னவள். இறக்கை வைத்த தொப்பி போட்ட தலை அடித்த பத்து சென்ட் வெள்ளிக்காசுகள் பதினொன்றை வரிசையாக வைத்தாள்.

"ஒரு பய வந்தான். சுங்கத்துக்கு இதைப் பொலபொலன்னு கொட்டறான். தாத்தா ஒளிச்சு வச்சதை ஆட்டையப் போட்டுட்டு வந்திருக்கான், மூஞ்சியே சொல்லுது. என் பையில இருந்து காசை எடுத்துப் போட்டுட்டு இதை எடுத்துக்கிட்டேன்."

"சீட்டு எழுதி முடியலை, ஜோனெல்" என்றார் வெண்டெல்.

"எழுதுங்க எழுதுங்க. நான் என்ன, பரீட்சை ஹாலிலேயா பேசறேன்?"

வெண்டெல் தன் முறைக்கு 1883ஆம் வருஷத்து ஐந்து சென்ட் ஒன்றைக் காட்டினார். சென்ட் என்ற சொல்லை அதில் போட மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் போக்கிரி எவனோ தங்கமுலாம் பூசி, ஐந்து டாலர் என்று தள்ளிவிட்டிருக்கிறான். "ஏமாத்தறதுல நம்ம ஆளுங்களை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றாள் ஜோனெல். எமில் ஒரு இரண்டு சென்ட் செப்புக்காசை வைத்தார். ஆசைப்பட்டு வாங்கினதில்லை, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று போன வாரம் வாங்கினது. எல்லாரும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு நகர்த்தினார்கள். அவருக்கும் அது எங்கே போகிறது என்று கவனமில்லை. கண் முழுக்கக் கிளைடின் முழங்கைக்கு அடியில் இருந்த பச்சை அட்டையின் மேல்.

கிளைட் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தது 1921ஆம் வருஷத்து அரை டாலர், சான்ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தது. அந்த இருபதில் நல்ல நிலையில் கிடைக்காத காசு அதுதான். சுற்றி வந்தது. நடக்கிற பெண்ணின் பாவாடை மடிப்புகள் மழுங்கி, பின்பக்கத்துக் கழுகின் நெஞ்சு வழவழத்துக் கிடந்தது. எமில் லென்ஸில் பார்த்தார். கிளைடின் பழைய 1921 அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, மடிப்பு மடிப்பாக எண்ணலாம். இது அதற்குக் கால்தூசி பெறாது.

"ரெட்டைக் கிளைட் மறுபடி ஏணியில இறங்கிட்டாரு!" என்று ஜோனெல் எடுத்துக் கொடுத்தாள். சிரிப்பு கிளம்பியது. வழக்கமாக அதை எமில்தான் கிளப்புவார். இன்றைக்கு அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னையோட இறங்கி முடிஞ்சுதும்மா" என்றார் கிளைட். புத்தகத்தை நடுவில் வைத்துத் திறந்தார்.

எமில் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. 'அடேயப்பா' என்று யாரோ சொன்னார்கள். கண்ணைத் திறந்து பார்த்தார்.

பச்சைப் பிசின் இல்லை. வளைகிற தாளும் இல்லை. விறைப்பான புதுத் தாள், காசுக்கு ஒன்றும் செய்யாத வகை. அதில் வரிசையாக 1916 டென்வர், 1917, 1918, 1919... எல்லாம் தேய்ந்தவை, எல்லாம் எமிலுக்குத் தெரிந்தவை. ஒவ்வொன்றும் இந்த வெல்வெட் துணி மேல் சுற்றி வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கேலி சொல்லியிருக்கிறார். 1918க்கு ஒன்று, 1920க்கு ஒன்று, அந்த ஏணிப் பேச்சு 1919க்கு. இரட்டை இல்லை. இரட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை. முதல் இருபதும் அரித்துப்போய், மனுஷன் தள்ளுவண்டி தள்ளித் தள்ளி, பழையபடி நல்லதாக வாங்க வக்கில்லாமல், கைக்கு எட்டின தேய்ந்த காசாக ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

"கிளைட், முதல் பையில இருக்கறது என்ன இப்படி?" என்று ஜோனெல் குனிந்தாள். "அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

முதல் பையில் இருந்தது எமில் கொடுத்த 1916. பிசினைக் கழுவியிருந்தது, ஆனால் நடக்கிற பெண்ணின் முகத்திலும் கையிலும் பொடிப்பொடியாகக் குழி, குழியில் பச்சை.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் கிளைட்.

"மத்ததெல்லாம் மாத்தியிருக்கீங்க, இது ஒண்ணும் கிடைக்காத காசு இல்லையே?"

"அது வாங்கினதில்ல, குடுத்தது. அதை எங்க போய் வாங்க?"

வெண்டெல் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது வளைகிற பிளாஸ்டிக் பண்ணின வேலை. தொண்ணூத்து மூணுலயே கூட்டத்துல வாசிச்சேன், நிகழ்ச்சிக் குறிப்புல இருக்கு. மாதமடல்லயும் போட்டோம். அந்தத் தாளை உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

"எங்கயோ சந்தையில வாங்கினேன். ஞாபகம் இல்ல."

"ரெட்டைக் கிளைட் ஞாபகமாச்சே!" என்றாள் ஜோனெல். மறுபடி சிரிப்பு. கிளைடும் சிரித்தார். எமில் பக்கம் திரும்பவே இல்லை.

எமிலுக்குத் தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துப் படுத்துக்கொள்ளலாம். எமிலுக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. இருபத்து மூன்று வருஷம் ஒரு பையை இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டு நடந்த அலுப்பு.

"நான்தான் குடுத்தேன்" என்றார்.

வெல்வெட் துணியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"நாலு பெட்டி வாங்கிட்டு வந்தேனே, அதுல ஒண்ணு. தொண்ணூத்து மூணுல எல்லாரும் மாத்தினீங்க, இவன் அன்னிக்கு வரல. கடுதாசியைப் பெட்டியில போட்டேன், வாயைத் திறந்து சொல்லல. இவன் படிக்கலைன்னு எனக்குத் தெரியும். அந்த மாசமே சொல்லியிருந்தா அத்தனையும் பிழைச்சிருக்கும். சொல்லல. அப்புறம் இவன் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்தப்ப, நானே பேரு வச்சு நானே சிரிச்சேன்."

கிளைட் மெதுவாகத் திரும்பினார். அழுவார், கட்டிப்பிடிப்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். முகம் சிவந்துபோயிருந்தது.

"உனக்கு அறிவிருக்காடா? பன்னெண்டு வருஷம்! பன்னெண்டு வருஷம் பனியில வண்டி தள்ளி, இடுப்பு ஒடிஞ்சு, ஒருத்தனுக்கும் தெரியாம மூடி மூடி வச்சேன். இன்னிக்குத்தான் முடிஞ்சுது. முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆகல, போட்டு உடைச்சிட்டியே!"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாயிரத்து நாலுல பேங்குல திறந்து பாத்தேன். வீட்டுக்கு வந்து பழைய தபாலை எல்லாம் குடைஞ்சேன். ஈடித்தோட ஆஸ்பத்திரி பில்லுக்கு நடுவுல உன் மாதமடல், பிரிக்காமலே. கீழ உன் கையெழுத்து. நீ போட்டுட்டே, நான்தான் பிரிக்கல. இதுல உன்னை என்னன்னு கேக்கறது?"

"கேட்டிருக்கலாமேடா. ரெண்டு அறை விட்டிருக்கலாம்."

"விட்டா நீ அடுத்த மாசம் வருவியா? முழங்கால் வலி, அது இதுன்னு சொல்லிட்டு வீட்டோட கிடப்பே. எனக்குத் தெரியாதா உன்னை? நீ வரலைன்னா இந்த மருந்துக்கடைக்காரர்கிட்ட உக்காந்து நான் என்ன பேசறது?"

வெண்டெல் கண்ணாடியைத் துடைத்தார். ஜோனெல் காதுவரை சிவந்துபோய், அக்ரூட் ரொட்டித் தட்டைக் கிளைட் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த 1916ஐ மட்டுமாவது நான் மாத்தித் தரேன்" என்றார் எமில். "என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. நல்லா இருக்கு."

"தொட்டே, கையை உடைச்சிருவேன்" என்றார் கிளைட். பிறகு 1921ஐ எடுத்து எமிலிடம் நீட்டினார். "கடைசிப் பைக்குள்ள போடு. எனக்கு விரல் நிக்கல."

எமிலுக்கும்தான் நிற்கவில்லை. விளிம்பைப் பிடித்து, இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை உள்ளே தள்ளினார். இருபதாவது பை நிறைந்தது. வெண்டெல், சீட்டுகளை இன்னும் திருப்பவில்லை என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. வாசலில் மூன்று படி. ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டும் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் இறங்கி, வண்டியில் ஏறி உட்கார இருவருக்கும் நேரம் பிடித்தது. கிளைட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். எமில் சாவியைப் போட்டார், திருகவில்லை. கிளைடின் கார் சாவி ஈரியில் லோரீனின் மேஜை இழுப்பறையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கிளைட், லோரீனுக்கு நான் போன் பண்ணினேன்."

"தெரியும், சொன்னா."

"டாக்டர்கிட்ட போனப்பவாவது சொல்லியிருக்கலாமே? சாவி போயிருக்காதே."

"உண்மையைச் சொன்னா லோரீன் அடுத்த நிமிஷமே உனக்குப் போன் போட்டுக் கிழிச்சிருப்பா." கிளைட் கண்ணாடி வழியாகச் சேற்றுப்பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடிகாரம் வரையச் சொன்னாங்கடா. பதினொண்ணு பத்துக்கு முள்ளு ரெண்டும் எங்க நிக்கும்னு போடச் சொன்னாங்க. போட்டேன். அஞ்சு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அப்புறம் அந்த டாக்டர் பொண்ணு, பேத்தி வயசு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா, இருக்கற காசையே எதுக்கு மறுபடி மறுபடி வாங்கறீங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"இருக்குங்கறதே மறந்துபோச்சும்மான்னு சொன்னேன்" என்றார் கிளைட். "ஹீட்டரைப் போடு, கால் விறைக்குது."